தலைகீழாகப் போட்ட கையெழுத்து

ஓசூர்
8-12-2023

அண்ணாவுக்கு பாப்பம்மா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். உன் மாப்பிள்ளை பாதி சௌக்கியம், இடது பாதி. உன் காது எப்படி இருக்கிறதென்று நான் கேட்டாலும் உனக்குக் கேட்கப்போவதில்லை, அதனால் விட்டேன். போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். அஞ்சாங்கிளாஸ் தமிழ் இதற்காவது ஆகட்டும் என்று இன்லேண்ட் லெட்டர் வாங்கிவிட்டேன். அனிதா உனக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாளா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துத் தொலை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தபோது உன் மாப்பிள்ளை ஷிப்ட்டில் இருந்தார் என்று நான்தானே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். கன்னடத்தில் எழுதின பத்திரம். ஓனரம்மா சுமலதா கர்நாடகத்து ஆனேக்கல்காரி, ஸ்டாம்ப் பேப்பரை அந்தப் பக்கமே வாங்கி, அந்தப் பக்கமே எழுதிக்கொண்டு வந்தாள். அதை அரிசி டிரம்முக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் என் பெயர் நேராக இருக்கிறது, சிங்கமுத்திரை தலைகீழாக நிற்கிறது. சிங்கத்தை நேராகத் திருப்பினேன். பாப்பம்மா தலைகீழாக நிற்கிறாள். பதினொரு வருஷமாக இப்படியே நின்றிருக்கிறேன் அண்ணா, ஒருத்தரும் சொல்லவில்லை.

ஏன் எடுத்தேன் என்றால், ஓனரம்மா காரில் வந்து இறங்கி, "பாப்பம்மா, மனெ காலி மாடி" என்றாள். வீட்டைக் காலி பண்ணு என்கிறாள். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான், "மாடி காலியா இருந்தா எனக்கு எதுக்கும்மா, கீழேயே சௌகரியமா இருக்கேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் வைக்கப் போகிறாளாம். ரூமுக்கு ஆறு கட்டில். பொங்கலுக்குள் போகவேண்டுமாம்.

ஏரியா பூராவும் தேடிப் பார்த்தேன். கீழ்வீடு ஒன்றும் இல்லை, எல்லாம் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. வாதம் வந்த மனுஷனை எங்கே ஏற்றுவது? இங்கே என்றால் என் தோளைப் பிடித்து பாத்ரூம் வரை போய்விடுகிறார். வாசலில் நாற்காலி போட்டால் போகிற வருகிற கம்பெனி பஸ்ஸை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த வீடு போனால் அதுவும் போச்சு.

நீ இருபத்தெட்டு வருஷம் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, கன்னடக்காரனோடு கன்னடத்திலேயே சில்லறைக்குச் சண்டை போட்டவன். என்ன செய்யட்டும், சொல்.

உன் தொல்லை,
பாப்பம்மா


கல்லாவி
17-12-2023

தங்கை பாப்பம்மாவுக்கும் மாப்பிள்ளை சிவராஜுக்கும் திம்மராயன் ஆசிகள். இவ்விடம் மழை நின்று பனி விழுகிறது. காது அப்படியே. சோறு வருகிறது.

நீ பயப்படவே கூடாது. மத்தூர் போய், வாடகைக்கு இருப்பவர்கள் சட்டம் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கி, இரண்டு தடவை படித்து முடித்தேன். 2017-இல் போட்ட சட்டம், 2019-இல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி ஓனரம்மா வாயால் காலி செய் என்றால் செல்லாது. வாடகை நீதிமன்றம் உத்தரவு போடவேண்டும். அதற்கும் காரணம் காட்டவேண்டும். தண்ணீர், கரண்ட், கக்கூஸ் இவற்றை நிறுத்தி உன்னைத் துரத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், அவர் உடனே திறந்துவிடச் சொல்லலாம்.

ஒன்றுதான் இடிக்கிறது. பத்திரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம். உன்னுடையது செய்யவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நகல் எடுத்து அனுப்பு. தமிழில் பெயர்த்து, மனுவும் நானே எழுதித் தருகிறேன்.

கையெழுத்துத் தலைகீழாக இருந்தாலும் கையெழுத்துதான்.

இப்படிக்கு
திம்மராயன்


ஓசூர்
2-1-2024

வக்கீல் அண்ணாவுக்கு பாப்பம்மா கும்பிடு. புது வருஷம் பிறந்தது. நாங்கள் இருக்கிறோம். உன் கால் ஆணி தேவலையா?

நகல் இதோடு இருக்கிறது. நேராகத்தான் மடித்திருக்கிறேன்.

நீ எழுதினதை மனப்பாடம் பண்ணி, ஓனரம்மா வந்தபோது வாசலில் நிற்கவைத்து ஒப்பித்தேன். வாடகை நீதிமன்றம் என்றேன், காரணம் என்றேன், தண்ணீர் கரண்ட் கக்கூஸ் நிறுத்தக் கூடாது என்றேன். ஸ்கூலில் இப்படி ஒப்பித்திருந்தால் நான் கலெக்டர். அவள் பொறுமையாகக் கேட்டாள். "யார் ஹேளித்தரு?" என்றாள், யார் சொன்னது என்று. "எங்க அண்ணன்" என்றேன். "ஒள்ளேது", அதாவது நல்லது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் பிளம்பர் வந்து, வீட்டுக்கு வருகிற குழாயை அறுத்து மூடி போட்டு இறுக்கிவிட்டுப் போனான். கேட்டால் போர்வெல் ரிப்பேராம். பின்னாடி அவள் புதிதாகக் கட்டுகிற ரூமுக்கு அதே போரிலிருந்து தண்ணீர் போகிறது, சுவர் நனைக்கிறார்கள். எதை நிறுத்தலாம் என்று நான்தான் லிஸ்ட் கொடுத்திருக்கிறேன் அண்ணா. கரண்டையும் கக்கூஸையும் அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறாளோ என்னவோ.

தெருமுனை சின்டெக்ஸ் டேங்கிலிருந்து குடத்தில் கொண்டுவருகிறேன். வாதம் வந்ததிலிருந்து உன் மாப்பிள்ளைக்கு வாயில் நிற்பது "சரி" ஒன்றுதான். "தண்ணி இல்லீங்க" என்றேன். "சரி" என்றார்.

சீக்கிரம் எழுது.
பாப்பம்மா


கல்லாவி
16-1-2024

தங்கைக்கு அநேக ஆசிகள். பொங்கல் வைத்தோம். உன் நினைவாக அனிதா இரண்டு கரும்பு எடுத்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

குழாயை மூடியது பெருந்தப்பு. அவள் தானாக நம் கைக்குள் வந்துவிட்டாள். பத்திரத்தின் தமிழ்ப் பெயர்ப்பும் மனுவும் இத்துடன் இருக்கின்றன. பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். கார்பன் வைத்து ஒரு நகல் என் பெட்டியில் இருக்கிறது.

ஒரு சங்கதி சொல்லவேண்டும். பத்திரத்தில் இடத்துக்கு இடம் "மனெ" என்று வருகிறது. அனிதா எட்டிப் பார்த்து, "வீடுன்னு எழுதிடுங்கப்பா" என்றாள். வீடு என்பது சமையல்கட்டுப் பேச்சு. அதிகாரி மதிக்கவேண்டாமா? கன்னடத்தில் மனெ என்றால் நம் சுத்தத் தமிழில் மனை. ஒரே சொல், அதனால்தான் மனைவி என்கிறோம். ஆகவே எல்லா இடத்திலும் மனை என்றே போட்டிருக்கிறேன். படித்துப் பார், எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று. டைப் அடித்துக் கொடு. ஓர் எழுத்து மாறக் கூடாது.

டிக்கெட் கிழித்த கை மனு எழுதுகிறது என்று சிரிப்பாய். சிரி. குழாய் திறந்த பிறகு சேர்ந்து சிரிக்கலாம்.

திம்மராயன்


ஓசூர்
9-2-2024

அண்ணாவுக்கு. எல்லாரும் நலம், சின்டெக்ஸ் டேங்க் உட்பட.

மனுவை டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் பக்கத்தில் கமலக்கண்ணன் என்று ஒருத்தர், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். உன் கையெழுத்தைப் பார்த்து, "யாரும்மா எழுதினது, முத்து முத்தா இருக்கு" என்றார். "எங்க அண்ணன், பெரிய கை" என்றேன். எத்தனை பேர் காலேஜுக்குப் போய் வக்கீலுக்குப் படிக்கிறார்கள், நீ ஓட்டை பஸ்ஸில் படித்தாய்.

மார்ச் பதினொன்று விசாரணை. ஓனரம்மாவுக்கும் நோட்டீஸ் போகும். நோட்டீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் மாப்பிள்ளை "சரி சரி" என்று இரண்டு தடவை சொன்னார். ரொம்ப சந்தோஷம் என்றுதான் அர்த்தம்.

ஒரு நாளைக்குப் பதினான்கு குடம் ஆகிறது. தோள் இறங்கியிருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேன். அவரும் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். சேர்ந்து போனால் ஜோடிப் பொருத்தம்.

நான்கு வாரம்தானே, ஓடிவிடும்.
பாப்பம்மா


ஓசூர்
12-3-2024

அண்ணாவுக்கு. நலம். நீயும் நலமாக இரு.

நேற்றுப் போய் வந்தேன். தள்ளி வைத்துவிட்டார்கள். எலெக்‌ஷன் வேலையாம், இனி ஜூன் பத்துதான். டைப் அடித்தவர் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்துவிட்டார் போலிருக்கிறது, அதனால் புதிதாக வேறு கொடுக்கவேண்டுமாம். ஆனால் உன் மனுவை அதிகாரியம்மா மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்தார். அவ்வளவு பேர் இருந்த ரூமில் ஒரு சத்தம் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. மோர் குடி.
பாப்பம்மா


ஓசூர்
12-3-2024

அனிதா கண்ணுக்கு அத்தை எழுதுவது. இதை நீ வேலை பார்க்கிற ஸ்கூல் விலாசத்துக்குப் போடுகிறேன். அப்பா கையில் கிடைக்கக் கூடாது. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பேச ஆரம்பித்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்புக்குப் பின்னாலேயே வேறு ஒன்று வருகிறது. எழுதினால் நிற்கிறது.

அதிகாரியம்மா தங்கமான பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். மனுவை வாய்விட்டுப் படித்தாள். "மேற்படி மனையில் பதினொரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன்." நிறுத்தினாள். "ஏம்மா, மனையிலயா?" என்றாள். ஆமாங்க என்றேன். "காலி இடத்துல எப்படிம்மா பதினொரு வருஷம்? டென்ட்டா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனை என்றால் பத்திர ஆபீஸ் பாஷையில் வெறும் இடமாம், வீடு இல்லையாம். பிளாட் போட்டு விற்கிறார்களே, அந்த மனை. இந்தச் சட்டம் குடியிருக்கிற கட்டடத்துக்குத்தானாம், வெறும் இடத்துக்கு இல்லையாம்.

"வீடுதாங்க, கூரை இருக்குது, வந்து பாருங்க" என்றேன். அதற்குள் ஓனரம்மாவின் வக்கீல் எழுந்தான். "அந்தம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்குது, காலி மனைதான் வாடகைக்கு எடுத்தேன்னு. அப்போ எங்க கட்சிக்காரர் வீட்டுக்குள்ள இது எப்படி வந்துச்சு? காலி மனைக்குத் தண்ணி எதுக்கு, செடி வளக்குதா?" ரூமே சிரித்தது. நல்ல ஜோக்குதான் கண்ணு. நானும் சிரித்தேன். அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என் கையில இருக்கறது இந்தப் பேப்பர்தான்மா. சரியா எழுதிப் புதுசா குடுங்க, எலெக்‌ஷன் முடிஞ்சு பாக்கறேன்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பதிவு இல்லாத பத்திரம் வேறு, அதைத் தூக்கிக் காட்டி அவர்களும் கேஸ் போடப்போகிறார்களாம்.

கமலக்கண்ணன் அன்றைக்கே கேட்டார், "மனையாம்மா, வீடாம்மா?" என்று. நான்தான், "எங்க அண்ணன் எழுதினதுல ஓர் எழுத்து மாறக் கூடாது" என்று அதட்டினேன். பாவம் அவர்மேல்தான் பழியைப் போட்டு அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அத்தை


கல்லாவி
20-3-2024

பாப்பம்மாவுக்கு ஆசி. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

கமலக்கண்ணனின் கடை எது? எந்த வார்த்தையைத் தப்பாக அடித்தான்? ஏன் எழுதவில்லை? பத்து நாள் உட்கார்ந்து ஒருவன் எழுதுகிறான், இன்னொருவன் பத்து நிமிஷத்தில் கெடுக்கிறான். அவன் அடித்த காகிதத்தை எனக்கு அனுப்பு. என் நகலோடு ஒத்துப் பார்த்து, அவன்மேலேயே ஒரு மனு எழுதுகிறேன். அல்லது நேரில் வருகிறேன். ஓசூர் பஸ்ஸில் இன்றைக்கும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

திம்மராயன்


ஓசூர்
5-4-2024

அண்ணாவுக்கு. கோபக்காரனுக்குக் காது கேட்காமல் இருப்பது ஊருக்கு நல்லது. உடம்பு எப்படி?

அந்தக் காகிதத்தை எலி தின்றுவிட்டது. கமலக்கண்ணன் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நீ வரவேண்டாம். வந்தால் உனக்கும் சேர்த்து இரண்டு குடம் நான்தான் தூக்கவேண்டும்.

சின்டெக்ஸ் டேங்கில் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான். உன் மாப்பிள்ளையை வாரத்துக்கு ஒரு தடவைதான் குளிப்பாட்ட முடிகிறது. முதுகில் புண் வந்திருக்கிறது, சின்னதுதான். டாக்டர் "தினம் குளிப்பாட்டுங்க" என்றார். "சரி" என்றார் இவர்.

ஜூன் பத்து எப்போது வரும் என்று கேலண்டரைப் பார்க்கவில்லை.
பாப்பம்மா


கல்லாவி
24-4-2024

அன்பு அத்தைக்கு அனிதா. மாமா புண் ஆறியதா? களிம்பு வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பெட்டியைத் திறந்து கார்பன் நகலை எடுத்தார். கையில் பழைய பத்திரம் ஒன்று, நம் காட்டை ஒட்டி விற்ற இடத்துக்கானது. அதில் "காலி மனை" என்று இருந்தது. இரண்டையும் மடியில் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "டைப் அடிச்சவன் அடிச்சது இல்லியா?" என்று கேட்டார். நான் உதட்டை அசைக்கவில்லை அத்தை. அசைத்தால் படித்துவிடுவார். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"பாப்பம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

அனிதா


கல்லாவி
27-4-2024

தங்கை பாப்பம்மாவுக்கு திம்மராயன் ஆசிகள். நலம். வெயில் கடுமை.

கமலக்கண்ணனைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன். அவனும் மனுஷன்தானே. தெரியாததைத் தெரியும் என்று நினைத்துச் செய்திருப்பான். எங்கேயாவது பார்த்தால், திம்மராயன் மன்னித்துவிட்டான் என்று சொல். அவன் நீ மன்னித்தாயா என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வாயோ சொல்.

புது மனு இத்துடன் வைத்திருக்கிறேன். இனி டைப் அடிக்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று எல்லா இடத்திலும் வீடு என்றே எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்று இடம். அனிதாவும் படித்துப் பார்த்துவிட்டாள்.

ஜூன் பத்து வரை எப்படியாவது இரு.

திம்மராயன்


ஓசூர்
26-5-2024

அண்ணாவுக்கு பாப்பம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மாப்பிள்ளையும் உயரத்தில் சௌக்கியம். நீ தரையில் சௌக்கியமா?

புது மனு கிடைத்தது. வீடு, வீடு என்று இருபத்து மூன்றையும் விரல் வைத்து எண்ணினேன், சரியாக இருக்கிறது. அரிசி டிரம்முக்கு அடியில் போடவில்லை. துணிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை அண்ணா. டேங்குக்கு மாநகராட்சித் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் முதுகுப் புண் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. உன் சட்டம் ஜூன் பத்துக்கு வருகிறேன் என்கிறது, புண் இன்றைக்கே வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலி பண்ணிவிட்டேன். சாவியைக் கொடுத்தபோது ஓனரம்மா குழாய் மூடியை எடுக்கச் சொல்லி பிளம்பருக்கு போன் போட்டாள். நாங்கள் ஆட்டோ ஏறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதில் முகம் கழுவிக்கொண்டேன்.

அவள் சொன்ன மாடியே கிடைத்தது, மூன்றாவது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்டோக்காரரும் புது ஓனர் நவீன்குமாரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "சரி, சரி" என்று உன் மாப்பிள்ளைதான் வழி சொல்லிக்கொண்டு வந்தார். மேலே வைத்ததும் ஆட்டோக்காரர் வேர்வையைத் துடைத்து, "இனி எப்பம்மா இறக்கணும்?" என்று கேட்டார். நான் ஆட்டோக் காசை எண்ணிக் கொடுத்தேன். இங்கே தண்ணீர் இருக்கிறது. தினம் குளிக்கிறார். ஜன்னல் சுவரைப் பார்த்து இருக்கிறது, பஸ் தெரியாது. ஹாரன் சத்தத்தை வைத்து எண்ணுகிறார்.

கமலக்கண்ணனைப் பார்த்தேன். நீ மன்னித்ததைச் சொன்னேன். "நீங்க?" என்று கேட்டார். நான் அவர்மேல் ஒருநாளும் கோபப்பட்டதே இல்லையே, மன்னிக்க என்ன இருக்கிறது என்றேன். அதை உனக்கும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இந்தத் தடவை எல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். நவீன்குமாரிடம் தமிழில்தான் பத்திரம் வேண்டும், பதிவும் பண்ணவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். சரி என்றார். பத்திரம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். வீடு என்று இருந்தது. சிங்கமுத்திரை மேலே இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. நிதானமாக, நேராக, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். நவீன்குமார் வாங்கிப் பார்த்தார். வீட்டு உரிமையாளர் என்று எழுதியிருந்த இடத்தில் போட்டிருக்கிறேனாம். வேறு ஸ்டாம்ப் பேப்பர் வாங்கப் போயிருக்கிறார்.

பாப்பம்மா